வெங்காயம் போல இருக்கும், வெங்காயம் அல்ல: டாஃபடிலைத் தெரிந்துகொள்வோம்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள கார்டிஃபுக்குக் குடிவந்த முதல் வருடம், அக்டோபர் மாதம். ஒரு வலைப்பை நிறைய டாஃபடில் என்ற பூச்செடியின் கிழங்கு வாங்கிவந்து சமையலறை மூலையில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நட்டுவிடலாம் என்று எண்ணம். அப்போது அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். வேலை முடிந்து நான் வீடு திரும்பியபோது அடுப்பில் புளி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா நாலைந்து கிழங்கை உரித்து, ஒன்றை நறுக்கவும் தொடங்கியிருந்தார்.

“என்ன வெங்காயம்ப்பா இது? கண்ணும் எரியல, வாசனையும் வரல. கையெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சு” என்றார்.

நல்லவேளை, எதுவும் குழம்புக்குள் போகவில்லை. மிச்சமிருந்த கிழங்குகளைத் தூக்கி வெளியே வைத்தேன், கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்று இரவு அம்மாவின் விரலிடுக்கில் அரிப்பு எடுத்தது, மறுநாள் அடங்கிவிட்டது. அம்மா சொன்ன அந்த அடையாளங்கள்தான், எரியாத கண்ணும் வராத வாசனையும், இந்தச் செடியோடு பழகப்போகும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை. குளிர்நாடுகளில் புதிதாகக் குடியேறும் நம்மவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டாஃபடில் என்பது நார்சிஸஸ் என்ற பேரினத்துச் செடிகளுக்கு ஆங்கிலத்தில் புழங்கும் பெயர். ஆறு இதழ்கள் விரிந்திருக்க, நடுவே ஒரு குழலோ கிண்ணமோ நீட்டிக்கொண்டு நிற்கும். மஞ்சள்தான் எல்லோருக்கும் தெரிந்த நிறம். வெள்ளை உண்டு, ஆரஞ்சுக் கிண்ணம் வைத்த வெள்ளையும் உண்டு. ஸ்பெயின், போர்ச்சுகல், வட ஆப்பிரிக்கா பக்கம்தான் இந்த இனத்தின் வகைகள் மிக அதிகம். மனிதர் கலப்பினம் செய்து செய்து, லண்டனில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் பதிவேட்டில் இன்று 27,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. புதியவருக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். டெட்-அ-டெட் என்ற குட்டை ரகம் ஒன்று போதும். தொட்டியில் வளரும், காற்றில் சாயாது, எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

வெங்காயத்தோடு இதற்கு உள்ள ஒற்றுமை வெறும் தோற்றப் பிழை அல்ல. இரண்டும் உண்மையிலேயே உறவு. 2009இல் வந்த தாவர வகைப்பாட்டின்படி வெங்காயம், பூண்டு, டாஃபடில் எல்லாமே அமரில்லிடேசி என்ற ஒரே குடும்பம். ஒரே குடும்பத்தில் இரண்டு கிளைகள், பங்காளி வீடுகள் மாதிரி. வெங்காயக் கிளை தன்னைக் காத்துக்கொள்ளக் கந்தகச் சேர்மங்களைச் செய்துகொண்டது. நம் கண்ணை எரிப்பதும் குழம்பை மணக்கச் செய்வதும் அவைதான். டாஃபடில் கிளையிடம் அந்தக் கந்தகம் கிடையாது. அது ஆல்கலாய்டு என்னும் கசப்பான நஞ்சுகளைச் செய்துகொண்டது. அம்மாவுக்குக் கண் எரியாததற்கும் வாசனை வராததற்கும் காரணம் இதுதான்.

அம்மா நறுக்கிய கிழங்கைத் தூக்கி எறியும் முன் அதன் பாதியை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மேலே காய்ந்த பழுப்புத் தோல். உள்ளே அடுக்கடுக்காக வெள்ளைச் சதை. தாவரவியல் பாடத்தில் இதைக் குமிழம் என்பார்கள். அந்தச் சதை அடுக்குகள் இலைகளின் அடிப்பாகம், செடியின் சாப்பாட்டு மூட்டை. நட்ட நடுவில், வெளிர் பச்சைக் குருத்துக்குள் பொதிந்து ஒரு சின்ன மொட்டு இருந்தது. மார்ச்சில் பூக்க வேண்டிய பூ அக்டோபரிலேயே தயாராக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. போன வசந்தத்தில் பூ வாடியபின், இலை வெயில் குடித்துச் சேர்த்த உணவில் கோடைக்குள் உருவான மொட்டு அது.

இது புரிந்தால் வளர்ப்பது பாதி புரிந்த மாதிரி. பூ உதிர்ந்ததும் இலையை வெட்டக் கூடாது. அசிங்கமாகத் தொங்குகிறதே என்று முடிச்சுப் போடவும் கூடாது. குறைந்தது ஆறு வாரம் அப்படியே விட்டால்தான் அடுத்த வருடத்துப் பூ உள்ளே தயாராகும். நடும்போது கூர்முனை மேலே பார்க்க, கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அப்புறம் மூன்று, நான்கு மாதக் குளிர் வேண்டும். அந்தக் குளிர்தான் உள்ளே இருக்கும் தண்டை நீளச் சொல்லி எழுப்புகிறது. சென்னையிலும் மதுரையிலும் டாஃபடில் பூக்காததற்குக் காரணம் மண் அல்ல, இந்தக் குளிர் இல்லாததுதான். இந்தியாவில் இதைக் கொத்துக் கொத்தாகப் பார்க்க வேண்டுமானால் வசந்தத்தில் ஸ்ரீநகருக்குப் போகலாம். அங்குள்ள புகழ்பெற்ற டூலிப் தோட்டத்தில் டாஃபடிலும் நட்டிருக்கிறார்கள்.

சரி, நஞ்சுக்கு வருவோம்.

செடி முழுவதுமே நஞ்சுதான், கிழங்கில் மிக அதிகம். முக்கியமான பொருளின் பெயர் லைகோரின். 1877இலேயே டாஃபடிலிலிருந்து இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். வயிற்றுக்குள் போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, பேதி. பெரும்பாலும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி தொடங்கிவிடும். அந்த வாந்தியே பலரைக் காப்பாற்றுகிறது, நஞ்சு உடம்பில் தங்குவதற்குள் வெளியே வந்துவிடுகிறது. சாவு வரை போவது மிக மிக அரிது. ஆனால் சின்னக் குழந்தைக்கும் வயதானவருக்கும் நீர்ச்சத்து சட்டென்று வற்றிவிடும், அதில்தான் ஆபத்து.

இன்னொன்று ஊசிப் படிகங்கள். கால்சியம் ஆக்ஸலேட் என்ற பொருள் நுண்ணிய ஊசிகளாகச் செடிக்குள் இருக்கும். நமக்குப் புதிதல்ல. சேனைக்கிழங்கு நறுக்கும்போது கையும், சரியாக வேகாவிட்டால் தொண்டையும் அரிக்கிறதே, அதே வகை ஊசிகள். இங்கிலாந்தின் தென்மேற்கில் கார்ன்வால் வயல்களிலும் சில்லித் தீவுகளிலும் நாள் முழுக்க டாஃபடில் பறிப்பவர்களுக்குக் கையில் தடிப்பும் வெடிப்பும் வரும். ‘டாஃபடில் அரிப்பு’ என்று தொழிலாளர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். கையுறை போடாமல் பறிக்கக் கூடாது. நாலு கிழங்கு நடும் நமக்கும் அதே அறிவுரைதான்.

சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைத்தால் அரிப்பு அடங்கும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தை நம்பி இங்கே இறங்கிவிடக் கூடாது. டாஃபடிலின் நஞ்சு வேகவைத்தால் போகாது. 2009இல் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் தோட்டத்தில் விளைந்த காய்களை வைத்து சூப் செய்தார்கள். வெங்காயம் என்று நினைத்து ஒரு டாஃபடில் கிழங்கும் அதில் விழுந்துவிட்டது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும். நன்றாகக் கொதித்த சூப்தான் அது. பானை சூப்புக்கு ஒரு கிழங்கு போதுமாக இருந்தது.

கிழங்கு மட்டும்தான் ஏமாற்றும் என்றும் இல்லை. பிப்ரவரியில் இங்கே கடைகளில் டாஃபடிலை மொட்டாகவே, பத்துப் பத்துத் தண்டாக ரப்பர் பேண்டு போட்டு விற்பார்கள். பூ விரியாத அந்தக் கட்டு அசல் வெங்காயத்தாள் போலவே இருக்கும். சீனச் சமையலில் பூத்த பூண்டுத்தாளை மொட்டோடு வதக்குவது வழக்கம். 2012இல் பிரிஸ்டலில் சீனப் பின்னணி கொண்ட பத்துப் பேர் டாஃபடில் தண்டை அந்தக் கீரை என்று நினைத்துச் சாப்பிட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையே பெரிய கடைகளுக்குக் கடிதம் எழுதியது: டாஃபடிலைக் காய்கறி, பழங்களின் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று. வெங்காயத்தாள் பொரியல் செய்யும் நம் வீடுகளிலும் இதே தவறு நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கண்டுபிடிக்க எளிய வழி மூக்கு. ஒரு துண்டைக் கசக்கி முகர வேண்டும். வெங்காயமோ பூண்டோ அந்தக் காட்டமான நெடி வந்தே தீரும். டாஃபடிலில் பச்சைப்புல் வாடைதான் இருக்கும். அதோடு பிசுபிசுப்பான கோழை மாதிரி ஒரு சாறு விரலில் ஒட்டும். ஒரே எச்சரிக்கை: ஏற்கெனவே வெங்காயம் நறுக்கிய கையோடு முகர்ந்தால் மூக்கு ஏமாந்துவிடும். சந்தேகம் வந்தால் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்து மக்கள் பஞ்சத்தில் டூலிப் கிழங்கைச் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள். அது உண்மை. டூலிப் வேறு குடும்பம். அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பூக்கிழங்கு எல்லாமே தின்னலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சத் துண்டை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், எதைச் சாப்பிட்டார் என்று அவர் கண்ணால் பார்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. நாய் வளர்ப்பவர்கள் கிழங்கு நட்ட இடத்தைக் கொஞ்ச நாள் கவனித்துக்கொள்ள வேண்டும், மண்ணைத் தோண்டிக் கடித்துவிடும். பூ வைத்த ஜாடித் தண்ணீரிலும் நஞ்சு இறங்கியிருக்கும். நாயோ பூனையோ அதைக் குடிக்க விடக் கூடாது. அந்தத் தண்ணீர் மற்றப் பூக்களுக்கும் ஆகாது. புதிதாக வெட்டிய டாஃபடிலை டூலிப்போடு ஒரே ஜாடியில் வைத்தால் அதன் கோழைச் சாறு டூலிப்பைச் சீக்கிரம் வாடவைத்துவிடும். ஒரு நாள் தனியாக வேறு தண்ணீரில் வைத்துவிட்டு, தண்டை மறுபடி வெட்டாமல் சேர்த்தால் பிரச்சினை இல்லை.

இவ்வளவு சொன்னபின், இதே நஞ்சின் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. டாஃபடில் கிழங்கில் லைகோரினுக்குப் பக்கத்திலேயே கலன்டமின் என்று ஓர் ஆல்கலாய்டு இருக்கிறது. 1950களில் பல்கேரியாவிலும் சோவியத் நாட்டிலும் ஆய்வாளர்கள் இதைப் பனித்துளிப் பூ எனப்படும் ஸ்னோடிராப்பிலிருந்து எடுத்தார்கள். அதுவும் இதே குடும்பம்தான். போலியோவால் தளர்ந்த தசைகளுக்கு மருந்தாக அப்போது கொடுத்தார்கள். நரம்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடம்பே ஒரு நொதியால் உடைத்துவிடும். கலன்டமின் அந்த நொதியைத் தடுக்கிறது, சேதி கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குகிறது. அல்சைமர் நோயில் மூளையில் குறைந்துபோவது இந்த அசிட்டைல்கோலின்தான். 2001இல் அமெரிக்காவில் இது அல்சைமர் மருந்தாக அனுமதி பெற்றது. நோயைக் குணப்படுத்தாது. நினைவு நழுவுவதைச் சிலருக்குக் கொஞ்ச காலம் தணிக்கும். அப்பாவின் முகத்தில் அந்தக் கொஞ்ச காலத்தைப் பார்த்த ஒரு நண்பர் எனக்கு உண்டு. அவருக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அந்த மருந்தை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவும் செய்யலாம். செடியிலிருந்து எடுக்க கார்ல்டன் என்ற ரக டாஃபடிலைப் பயிரிடுகிறார்கள், வேல்ஸின் மலைப்பகுதி விவசாயிகளும் இதற்கென்றே வளர்த்திருக்கிறார்கள். மாத்திரையில் இருப்பது ஒரு நாளைக்கு 8 முதல் 24 மில்லிகிராம், அளந்து சுத்திகரித்தது. கிழங்கில் இருப்பது பல நஞ்சுகளின் கலவை, அளவும் கிழங்குக்குக் கிழங்கு மாறும். ஞாபக சக்திக்கு டாஃபடில் கஷாயம் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் தயவுசெய்து அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மற்றப் பயன்களும் உண்டு. பிரான்சின் ஓப்ராக் மேட்டுநிலத்தில் காட்டு நார்சிஸஸைச் சீப்பு வைத்த கருவியால் அள்ளி வாசனைத் திரவியத்துக்குச் சாறெடுக்கிறார்கள். அணிலும் மானும் டூலிப்பைத் தின்று தீர்க்கும் தோட்டத்தில் டாஃபடில் மட்டும் தப்பும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நட்டுவிட்டு மறந்துபோனாலும் பல வருடம் அதே இடத்தில் பெருகிப் பூக்கும்.

அம்மா இங்கே இருந்த அந்த வருடம் மார்ச் 1 வந்தது. வேல்ஸின் காவல் புனிதர் டேவிட்டின் நாள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், அஞ்சல்காரர், பேருந்து ஓட்டுநர் என்று எல்லோர் சட்டையிலும் மஞ்சள் பூ. சிலர் பூவுக்குப் பதில் லீக் என்ற வெங்காயத்தாள் மாதிரித் தண்டையே குத்தியிருந்தார்கள். அம்மா ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, “இது எது வெங்காயம், எது பூன்னு இவங்களுக்கும் குழப்பமாப்பா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டு முதியவர் அதற்குப் பதில் சொன்னார். லீக்குக்கு வெல்ஷ் மொழியில் கெனினென். டாஃபடிலுக்கு கெனினென் பெட்ர், அதாவது பேதுருவின் லீக். பழைய தேசிய அடையாளம் லீக்தான். 19ஆம் நூற்றாண்டில் டாஃபடில் மெல்ல அதன் பக்கத்தில் வந்து நின்றது. பின்னாளில் பிரிட்டன் பிரதமரான லாயிட் ஜார்ஜ் 1911இல் வேல்ஸின் கார்னார்வனில் நடந்த இளவரசர் பட்டமேற்பு விழாவில் டாஃபடிலை முன்னிறுத்தினார். மார்ச் 1க்குச் சரியாகப் பூத்து நிற்கும் ஒரு பூ, சட்டையில் குத்த வெங்காயத்தாளைவிட அழகு, மணக்கவும் மணக்காது. வேறு காரணம் வேண்டுமா?

கனடாவில் இருப்பவர்களுக்கு இதே பூ வேறு ஒன்றைச் சொல்லும். 1950களில் டொரண்டோவில் புற்றுநோய் நிதிக்காகத் தொடங்கிய டாஃபடில் விற்பனை, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. பிரிட்டனில் மேரி கியூரி அமைப்பு 1986 முதல் ஒவ்வொரு மார்ச்சிலும் டாஃபடில் சின்னம் விற்று, மரணத்தை நெருங்கியவர்களுக்கான பராமரிப்புக்கு நிதி திரட்டுகிறது. நீண்ட குளிர்காலத்தை வெறும் கிளைகளோடு கழித்தவர்களுக்குத்தான் இந்தப் பூவை ஏன் நம்பிக்கைக்கு அடையாளமாக வைத்தார்கள் என்று புரியும். வெளியே இன்னும் உறைபனி இருக்கும், அதைத் துளைத்துக்கொண்டு முளை வரும்.

கிரேக்கர்கள் இதை இவ்வளவு வெளிச்சமாகப் பார்க்கவில்லை. தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துத் தன் மேலேயே காதல் கொண்டு உருகிப்போன நார்கிஸஸ் என்ற இளைஞனின் கதையை எல்லோரும் சொல்வார்கள். தற்காதலைக் குறிக்கும் நார்சிஸிசம் என்ற உளவியல் சொல் அவனிடமிருந்து வந்தது. இன்னொரு கதையில், பெர்சிஃபனி நார்சிஸஸைப் பறிக்கக் கை நீட்டும் கணத்தில் பூமி பிளந்து பாதாளத்தின் அரசன் அவளைத் தூக்கிப்போகிறான். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது ரோமானிய அறிஞர் பிளினி சொன்னது. பூவின் பெயர் அந்த இளைஞனால் வந்ததல்ல, மரத்துப்போதலைக் குறிக்கும் நார்கி என்ற கிரேக்கச் சொல்லால் வந்தது, இது தலையைக் கனக்கவைக்கும் செடி என்று எழுதினார். போதைப்பொருளைக் குறிக்கும் நார்கோட்டிக் என்ற சொல்லும் அதே வேர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நஞ்சைக் கவனித்திருக்கிறார்கள்.

பாரசீகத்திலும் உருதுவிலும் இது நர்கிஸ், கவிஞர்களுக்குக் காதலியின் கண். வெள்ளை இதழ் நடுவே மஞ்சள் கிண்ணம் வைத்த வகையைப் பார்த்தால் கண் என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றாது. நமக்கு அந்தப் பெயர் வேறு விதத்தில் நினைவிருக்கும். 2008 மே மாதம் மியான்மரின் ஐராவதி கழிமுகத்தைத் துடைத்துப்போட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற புயலுக்கு நர்கிஸ் என்றே பெயர். சீனர்களுக்கோ இது நீரில் வாழும் தேவதை. சீனப் புத்தாண்டுக்குச் சரியாகப் பூக்கும்படி, கூழாங்கல் போட்ட தண்ணீர்க் கிண்ணத்தில் கிழங்கை வைத்து வளர்ப்பார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் அண்டை வீடுகளில் பார்த்திருக்கலாம். மண்ணே இல்லாமல் மேசை மேல் இருக்கும் அந்தக் கிழங்கும் நஞ்சுதான், குழந்தைக்குக் கை எட்டாத உயரம் வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். டாஃபடில் உங்கள் தோட்டத்தில் இல்லை, அதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் இளஞ்சிவப்பாகப் பூக்கும் மழை லில்லி, வேலியோரம் வெள்ளையாகப் பூக்கும் விஷமூங்கில், ஸ்பைடர் லில்லி எல்லாம் இதே குடும்பம், இவற்றிலும் லைகோரின் உண்டு. மழை லில்லியின் கிழங்கைத் தொட்டி மாற்றும்போது பாருங்கள். உரித்து வைத்தால் சின்ன வெங்காயம்தான். அதைக் காயவைக்கும் முறத்தைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நான் இப்போதெல்லாம் கிழங்குப் பையைக் கடையிலிருந்து நேரே தோட்டத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய், மேலே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் ‘பூக்கிழங்கு, சமையலுக்கு இல்லை’ என்று எழுதித் தொங்கவிடுகிறேன்.